அண்ணன் ஜன்னலுக்கு அடித்த குளிர்

“திருடன் யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க அதைக் கண்டுபிடிச்சுக் குடுத்தா போதும்,” என்றார் கண்ணாடிக்காரர்.

இந்த மாதிரி ஆசாமிகளை ரேடியோவுக்கு ரொம்பப் பிடிக்கும். விடையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேள்வியைத் தேடி வருகிறவர்கள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அண்ணி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான்.

முறைப்படி பார்த்தால் அவள் அவனுக்கு மட்டும்தான் அண்ணி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்கிறவர்களைப் பிடிக்கிற வேலையில் வருஷக்கணக்காக இருந்தவள், ஒருநாள் அதை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். ஒத்தாசைக்குப் புருஷனின் தம்பியைச் சேர்த்துக்கொண்டாள். அவன் மூச்சுக்கு முந்நூறு தடவை “அண்ணி, அண்ணி” என்று கூப்பிட்டதில் ஊருக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். தலை நரைத்த இன்ஸ்பெக்டர்கூட “சொல்லுங்க அண்ணி” என்றுதான் போனை எடுப்பார். பதிலுக்கு அவள் கொழுந்தனுக்கு வைத்த பேர் ரேடியோ. ஏன் என்று கேட்பவர்கள் அவனோடு ஒரு டீ குடித்துப் பார்க்கலாம்.

மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தது இரண்டு வீடுகளுக்கு நடுவில் இருந்த சந்தில். கையை நீட்டினால் இந்தச் சுவர், இன்னும் கொஞ்சம் நீட்டினால் அந்தச் சுவர். இடது வீடு கண்ணாடிக்காரருடையது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வலது வீடு அவருடைய அண்ணனுடையது. அவர் அச்சகம் நடத்துகிறார். அவர்கள் அப்பா இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி கட்டிக்கொடுத்த வீடுகள். ஓரவஞ்சனை செய்தார் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று ஜன்னல்வரை ஒரே அளவு. அப்படியும் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி, இப்போது அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.

“இங்கதான் இருந்தது,” என்று தன் வீட்டுச் சுவரைக் காட்டினார் கண்ணாடிக்காரர்.

சுவரில் ஓர் இரும்பு ஸ்டாண்ட் காலியாக நின்றது. மேலே சுவர் ஓட்டையிலிருந்து இரண்டு செம்புக் குழாய்களும் ஒரு வயரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. காணாமல் போனது ஒரு ஹீட் பம்ப்பின் அவுட்டோர் யூனிட். ஹீட் பம்ப் என்றால் வேறொன்றுமில்லை, ஏசியைத் திருப்பிப் போட்ட சங்கதி. குளிர்காலத்தில் வெளிக்காற்றில் இருக்கிற கொஞ்ச நஞ்ச வெப்பத்தையும் உறிஞ்சி வீட்டுக்குள் தள்ளிவிடும். மிச்சக் குளிரை வெளியே ஊதித் தொலைக்கும். ஊதுகிற வேலை அவுட்டோருக்கு.

எதிர்ச்சுவரில், அண்ணன் வீட்டு ஸ்டாண்டில், அச்சு அசலாக அதே மாதிரி ஓர் அவுட்டோர் உட்கார்ந்து இவர்கள் மூன்று பேர் மூஞ்சியிலும் பனிக்காற்றை அடித்துக்கொண்டிருந்தது. ரேடியோ மஃப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டான்.

“அது அவங்களோடதா?” என்று கேட்டாள் அண்ணி.

“என்னைப் பார்த்து வாங்கினது! முதல்ல வாங்கினது நான். இந்த இடத்துல மாட்டுன்னு மெக்கானிக்குக்குக் காட்டிக் குடுத்ததும் நான். உடனே அவரும் அதே கம்பெனி, அதே மாடல் வாங்கி, அதே மெக்கானிக்கை வெச்சு எனக்கு நேர் எதிர்ல மாட்டினாரு.”

“வீட்டுக்குப் பின்னாடி அவ்வளவு இடம் கிடக்கே. நீங்க ஏன் இந்தச் சந்துல மாட்டினீங்க?”

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். “என் சுவர். நான் எங்க வேணா மாட்டுவேன்.”

“எதிர்ல இருக்கறது உங்க அண்ணன் படுக்கிற அறை ஜன்னலோ?”

“அது எனக்கெதுக்குங்க?”

ரேடியோவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “அதாவது, குளிரை அண்ணன் ஜன்னலுக்கு அடிச்சு உங்க வீட்டைச் சூடு பண்ணினீங்க. அவரு உங்க பக்கம் அடிச்சு அவர் வீட்டைச் சூடு பண்ணினாரு. சார், மனுஷங்க பேசிக்கலைன்னாலும் மெஷின் ரெண்டும் மூஞ்சிக்கு நேரா நின்னு பேசிக்கிட்டு இருந்திருக்கு! வீடு சூடாச்சா?”

“சுமாரா,” என்று இழுத்தார். “ரெண்டும் ஓடினா அடிக்கடி ஐஸ் கட்டிக்கும். அதை உருக்கறதுக்குன்னு பாதி நேரம் நின்னுடும்.”

ஒன்று துப்பிய குளிரை இன்னொன்று குடித்து, அது துப்பியதை இது குடித்து, இரண்டும் ஐஸ் கட்டி நின்றிருக்கின்றன. சண்டைக்கு ஆகிற கரண்டு பில்லை இரண்டு பேரும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள் என்பதை நினைத்து ரேடியோ உள்ளுக்குள் மெய்சிலிர்த்தான்.

“யார் மேல சந்தேகம்?” என்றாள் அண்ணி.

“சந்தேகமெல்லாம் இல்லை. அண்ணன் மகன்தான். பளு தூக்கறவன். அதைத் தனியாத் தூக்கற தெம்பு இந்தத் தெருவுல அவனுக்குத்தான் உண்டு. நாளன்னைக்குத் துறைமுகத்துல வேலைக்குச் சேரப் போறான். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள என் மெஷின் வரலைன்னா நேரா ஸ்டேஷனுக்குப் போய் அவன் பேரைக் குடுக்கப் போறேன்.”

“திருட்டு கேஸ் விழுந்தா வேலை கிடைக்காதே.”

“கிடைக்காதுதான்.” அவர் பார்வை காலி ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. “என் தோள்ல உக்காந்து வளர்ந்த பயதான். அதுக்காக?”

அந்த ‘அதுக்காக’வை அவர் கொஞ்சம் கூடுதலாகவே சத்தமாகச் சொன்னதை ரேடியோ கவனித்தான்.

“எப்போ பார்த்தீங்க, காணோம்னு?”

“நேத்து காலையில கடைக்குப் போனவன் ரெண்டு மணி நேரத்துல திரும்பி வந்தேன். கண்ணாடியை மறந்து வெச்சுட்டுப் போயிட்டேன். வந்து பார்த்தா ஸ்டாண்ட் காலி. சந்துல நின்னு நான் போட்ட சத்தத்துல தெருவே கூடிடுச்சு.”

“கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியை மறந்துட்டு...” என்று ஆரம்பித்த ரேடியோவின் காலை அண்ணி மெதுவாக மிதித்தாள்.

“இன்னொண்ணும் பாருங்க,” என்று எதிர் யூனிட்டைக் கைகாட்டினார் அவர். “நேத்திலேர்ந்து அது முன்னைவிட ஜோரா ஊதுது. என்னோடது போனதும் அவங்களுக்கு எவ்வளவு கொழுப்பு!”

அண்ணி காலி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குனிந்தாள். செம்புக் குழாய்களின் முனைகளில் மூடி போட்டு இறுக்கியிருந்தது. வயர் முனைகளுக்குக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. யூனிட்டின் காலுக்கு அடியில் அதிராமல் இருக்க வைக்கிற ரப்பர் கட்டைகளையும் விடவில்லை. ஒரு நட்டு, ஒரு போல்ட்டு கீழே கிடக்கவில்லை.

“ரொம்ப மரியாதைப்பட்ட திருடனா இருக்கானே,” என்றான் ரேடியோ. “கிளம்பறப்போ பெருக்கி விட்டுட்டுப் போயிருப்பான் போல.”

“வீட்டுக்குள்ள போலாமா?” என்றாள் அண்ணி.

கண்ணாடிக்காரர் வீட்டு ஹாலில் பல் கிட்டிக்கிற குளிர். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அந்தக் குடும்பத்துக்குச் சின்ன மருமகள். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். பொருள் பறிகொடுத்த வீட்டுக்காரிக்கு உண்டான புலம்பல் எதையும் காணோம். திருடு போன வீட்டில் திருடனைத் திட்டாத ஒரு பெண்ணை ரேடியோ அன்றைக்குத்தான் பார்க்கிறான்.

சுவரில் ஹீட் பம்ப்பின் உள் யூனிட் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மாட்டியிருந்த ரிமோட்டை அண்ணி எடுத்தாள்.

“யாராவது இதை எடுத்தீங்களா, நேத்துக்கப்புறம்?”

“வெளியில மெஷினே இல்லை. ரிமோட்டை எடுத்து என்ன பண்ண, பொட்டு வெச்சுக் கும்பிடவா?” என்றார் கண்ணாடிக்காரர்.

அண்ணி ரிமோட்டை ரேடியோவிடம் நீட்டினாள். சின்னத் திரையில் சூரியன் படம் இருக்க வேண்டிய இடத்தில் பனிப்பூ படம் இருந்தது. கூலிங். அதுவும் கீழே எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி வைத்திருந்தது.

“இந்தக் குளிர்ல கூலிங் போட்டது யாரு?”

“கூலிங்கா? எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“தூசி தட்டறப்போ கை பட்டிருக்கும்,” என்றாள் சின்ன மருமகள், யாரையும் பார்க்காமல்.

“நல்லா தட்டியிருக்கீங்க,” என்றான் ரேடியோ. “இத்தனை தடவை பட்டனை அமுக்கித் தட்டினா தூசி என்ன, சுண்ணாம்பே கொட்டிடும்.”

தெருவுக்கு வந்ததும் அண்ணி வேகமாக நடக்க ஆரம்பித்தாள். ரேடியோ ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனான்.

“கண்டவன் திருடியிருந்தா என்ன பண்ணியிருப்பான்?” என்று கேட்டாள்.

“குழாயை வெட்டி, தூக்கிட்டு ஓடியிருப்பான்.”

“வெட்டினா உள்ளே இருக்கிற கேஸெல்லாம் சீறிக்கிட்டு வெளியே போயிடும். தெருவே திரும்பிப் பார்க்கும். மெஷினும் அதுக்கப்புறம் பழைய இரும்பு. இன்ஷூரன்ஸ்ல இருந்தப்போ இந்த மாதிரிப் புகார் நிறைய பார்த்திருக்கேன். மெஷினைத் திரும்ப ஓட்டணும்னு நினைக்கிறவன் அப்படிச் செய்யமாட்டான். மெஷினைக் கூலிங்ல ஓடவிட்டு, ஒரு வால்வை மூடி, மொத்தக் கேஸையும் அவுட்டோருக்குள்ளேயே இழுத்துப் பூட்டிட்டு அப்புறம்தான் கழட்டுவான்.”

ரேடியோ நின்றுவிட்டான். “கூலிங்ல ஓடணும்னா யாராவது உள்ளே உக்காந்து ரிமோட்டை அமுக்கணுமே.”

“ஆமா.”

“அண்ணி! வெளியே இருக்கிற பொருளைத் திருட வீட்டுக்குள்ள ஆள் வெச்சிருக்காங்க!”

“மெதுவாப் பேசு. உனக்கு வால்யூம் பட்டனே வெக்கலையா?”

மெக்கானிக்கின் கடை அடுத்த தெரு முனையில் இருந்தது. வாசலில் பெரிய போர்டு: ‘குளிருக்கும் சூட்டுக்கும் ஒரே டாக்டர்.’ அதற்குக் கீழே டாக்டரே, டையெல்லாம் கட்டிக்கொண்டு, ஒரு பழைய ஃபேனைத் திட்டிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் தன்னைவிட்டால் ஆள் கிடையாது என்று தினமும் நாலு பேரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

“அந்தச் சந்துப் பக்கம் நான் போயே மாசக்கணக்காச்சு,” என்று கேட்காமலேயே சொன்னார்.

“போக வேண்டாம். வேலையைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னா போதும்,” என்றாள் அண்ணி. “யாரோ கத்துக்குட்டி கழட்டியிருக்கான். குழாயை அப்படியே திறந்து போட்டிருக்கான். கேஸெல்லாம் போச்சு. வயரைப் பிடுங்கி எறிஞ்சிருக்கான். பார்க்கவே சகிக்கலை. வேலை தெரியாதவன் கை வெச்சா இப்படித்தான்.”

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். முகம் சிவந்தது.

“அதை நாங்க இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னா, அவரும் ஊர்ல நாலு பேர்கிட்ட சொல்வாரு,” என்று ரேடியோ சேர்த்துக்கொண்டான். “யார் மாட்டினதுன்னு கேப்பாங்க, உங்க பேரைச் சொல்வாங்க. கழட்டினவனும் நீங்கதான்னு நினைச்சுட்டாங்கன்னா...”

“யாருய்யா சொன்னது திறந்து போட்டிருக்குன்னு?” மெக்கானிக் எழுந்தே விட்டார். “ஒரு பொட்டுக் கேஸ் வெளியே போகலை! மூடி போட்டு, டேப் சுத்தி, ரப்பர் கட்டை முதக்கொண்டு கையில எடுத்துட்டு வந்தேன்! இப்ப போய்ப் பாருங்க, புது மாப்பிள்ளை கணக்கா ஜம்முன்னு ஓடிக்கிட்டிருக்கு...”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எங்கே ஓடுது?” என்றாள் அண்ணி.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து டையைத் தளர்த்தினார். “அது மட்டும் கேக்காதீங்க. ரெண்டு பேருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். பையன் மேல பழி விழும்னு சத்தியமா நினைக்கலை அண்ணி. நான் கெட்டவன் இல்லை. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி.”

“வாங்க, நம்ம ஜாதி,” என்றான் ரேடியோ.

திரும்பி வருகிற வழியெல்லாம் ரேடியோ பேசிக்கொண்டே வந்தான். ரிமோட்டை அமுக்கினது சின்ன மருமகள், கழட்டினது மெக்கானிக், ஆக பக்கத்து ஊரில் சின்ன மருமகளின் தம்பிக்கோ தங்கைக்கோ ரகசியமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. “எல்லாருக்கும் மைத்துனர்கள் இருக்காங்க. நானே ஒரு உதாரணம்.”

“அவுட்டோரை மட்டும் வெச்சுக்கிட்டு உன் மைத்துனர் என்ன பண்ணுவாரு?” என்றாள் அண்ணி. “அது தனி ஆள் இல்லை. அதே கம்பெனி, அதே மாடல் உள் யூனிட் இருந்தாத்தான் ஓடும். நேத்துக் கழட்டினது இன்னைக்கு ஜம்முன்னு ஓடுதுன்னா, அதுக்குத் தோதான உள் யூனிட் ஏற்கெனவே மாட்டி இருக்கிற வீடு ஒண்ணு பக்கத்துலயே இருக்கணும்.”

ரேடியோ வாயைத் திறந்தபடியே சந்துக்குள் நுழைந்தான்.

எதிர்ச்சுவர் யூனிட் ஊதிக்கொண்டிருந்தது. அண்ணி அதன் ஒரு பக்கம் போய் நின்றாள், பிறகு மறுபக்கம் போய் நின்றாள்.

“தெருவுல போற லாரி, பஸ்ஸுன்னு எல்லாப் புழுதியும் சந்துக்குள்ள எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?”

“தெருப்பக்கத்துலேர்ந்துதான்.”

“அப்போ ரெண்டு வருஷமா இங்கேயே இருக்கிற மெஷின்ல எந்தப் பக்கம் அழுக்கா இருக்கணும்?”

ரேடியோ பார்த்தான். யூனிட்டின் தெருப்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக, இன்றைக்குப் பிரித்த மாதிரி இருந்தது. கொல்லைப்பக்கம் பழுப்பேறி, சேறு தெறித்து இருந்தது.

“தலைகீழா இருக்கே!”

“எதிர்ச்சுவர்ல இருந்ததைக் கழட்டி, இந்தச் சுவர்ல மாட்டணும்னா திருப்பித்தானே வெக்கணும்? தெருவைப் பார்த்த பக்கம் கொல்லையைப் பார்க்கும்.” அண்ணி அந்தப் பழுப்பை விரலால் தொட்டாள். “நம்ம ஆள் காலையிலேர்ந்து தன் மெஷினுக்கு முன்னாடி நின்னுதான் தன் மெஷினைக் காணோம்னு கத்திக்கிட்டு இருந்தாரு.”

ரேடியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தன் மெஷின் தன் மூஞ்சியிலேயே குளிர் அடிப்பதைப் பார்த்து ‘எவ்வளவு கொழுப்பு’ என்று கேட்ட மனிதர்! சிரித்து முடிக்கும்போதுதான் இன்னொரு கேள்வி வந்தது. “அப்போ அண்ணனோட மெஷின் எங்கே?”

அதற்கு அவர்கள் ரொம்பத் தேட வேண்டியிருக்கவில்லை. கண்ணாடிக்காரர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அண்ணி அவர் வீட்டுப் பின்வாசல் வழியாகப் போய், “உங்க வீட்டுல யாரும் நுழையாத அறை எது?” என்று கேட்டதும் சின்ன மருமகளின் கண் தானாக ஒரு கதவுக்குப் போனது. அது மாமியாரின் அறை. அம்மாவை இரண்டு மகன்களும் மாதம் மாற்றி மாதம் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. வீட்டைப் பங்கு போட்டது போலவே அம்மாவையும் சரிபாதியாகப் பங்கு போட்டிருந்தார்கள். இது அண்ணன் முறை. அதனால் அறை பூட்டிக் கிடந்தது. சாவி வாங்கித் திறந்தால், கட்டிலில் யாரோ போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தார்கள். ரேடியோ “ஐயோ” என்றான். அண்ணி போர்வையை விலக்கினாள். வெள்ளையாக, சதுரமாக, இன்னொரு அவுட்டோர் யூனிட்.

பின்வாசலில் இன்னொரு பெண் மூச்சு வாங்க வந்து நின்றாள். அண்ணன் மனைவி, பெரிய மருமகள். ஊருக்குத் தெரிந்து இந்த ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒருத்தி நிழலை ஒருத்தி மிதிக்காதவர்கள். பெரியவள் நேராக வந்து சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. யோசனை என்னோடது.”

“இல்லைங்க, அக்கா சும்மா சொல்றாங்க. என்னோடதுதான்.”

“சண்டை போடறவங்கன்னு கேள்விப்பட்டோமே,” என்றான் ரேடியோ.

“அது எங்க வீட்டுக்காரங்க ரெண்டு பேருக்கும் ஆறுதலா இருக்கட்டும்னு,” என்றாள் பெரியவள்.

விஷயம் இதுதான். மாமியாருக்கு நெஞ்சில் சளி. அறை கதகதப்பாக இருக்கணும், குளிர் பட்டால் ஆபத்து என்று நிஜ டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து அண்ணன் வீட்டு மெஷின் செத்துவிட்டது. ஐஸ் கட்டி, உருகி, ஐஸ் கட்டி, உருகி, உள்ளே சர்க்யூட் போர்டு எரிந்துபோயிற்று. புதுப் போர்டு வர அடுத்த வாரமாகும். அம்மா ராத்திரியெல்லாம் இருமியிருக்கிறாள்.

“அவங்களை இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?”

“என் முறையில அம்மா தம்பி வீட்டுக்குப் போனா நான் நாண்டுக்கிட்டுச் சாகறதான்னு கேட்டாரு எங்க வீட்டுக்காரர். அங்கேயிருந்து ஒரு டம்ளர் தண்ணிகூட வாங்கமாட்டேன்னு சபதம் வேற.”

“இவர்கிட்ட கேட்டா குடுத்திருப்பார்,” என்றாள் சின்னவள். “குடுத்துட்டு, அண்ணன் என்கிட்ட கையேந்தினாருன்னு கடைக்கு வர்ற ஆளுக்கெல்லாம் சொல்லியிருப்பார். அது காதுல விழுந்தா மூத்தவர் மெஷினைப் பிடுங்கித் தெருவுல எறிஞ்சிருப்பார். அத்தைதான் மறுபடி நடுங்கணும்.”

ஆகவே ஓசைப்படாமல் மாற்றிவிடுவது என்று முடிவு. உயிருள்ளது அங்கே போகும். செத்தது இங்கே வந்து ஸ்டாண்டில் உட்காரும். கண்ணாடிக்காரர் ரிமோட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, தன் மெஷின்தான் போய்விட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார். மூத்தவரிடம் மெஷினை ரிப்பேர் பண்ணியாச்சு என்று சொல்லியாகிவிட்டது. மெக்கானிக் ஒரு பக்கமும் மருமகள்கள் இரண்டு பேரும் இன்னொரு பக்கமும் பிடித்துத் தூக்கி, முதல் பாதியைக் கச்சிதமாக முடித்தார்கள். இரண்டாவது பாதிக்கு முன்னால் மனிதர் கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்துவிட்டார். செத்ததை மாமியார் கட்டிலில் போட்டுப் பூட்டத்தான் நேரமிருந்தது.

“அவர் போட்ட சத்தத்துல, எதைச் சொல்றது, எப்படிச் சொல்றதுன்னே தெரியலை,” என்றாள் சின்னவள். “அப்புறம் பையன் பேரை எடுத்தாரு. எனக்கு நேத்துலேர்ந்து சோறு இறங்கலைங்க. அவன் என் கையில சாப்பிட்டு வளர்ந்தவன். உண்மையைச் சொன்னா அத்தைக்குக் குளிர். சொல்லலைன்னா அவன் வேலை போச்சு.” அவள் அழுதேவிட்டாள். பெரியவள் தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

ரேடியோ குனிந்து, கட்டிலில் கிடந்த யூனிட்டுக்குப் போர்வையை மறுபடி இழுத்துப் போர்த்திவிட்டான்.

கண்ணாடிக்காரர் சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் புறப்பட்டபோது அண்ணி அவரைச் சந்துக்குள் கூட்டிப்போனாள். “கண்ணாடியைப் போட்டுக்கங்க,” என்று சொல்லி, எதிர் யூனிட்டின் வெள்ளைப் பக்கத்தையும் பழுப்புப் பக்கத்தையும் காட்டினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மெழுகவில்லை.

அவர் அந்தப் பழுப்பை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

“என் பொண்டாட்டியா?”

“உங்க பொண்டாட்டிதான். உங்க அம்மாவுக்காக.”

“புகார் குடுக்கணும்னா எங்களுக்கு ஆட்சேபணை இல்லை சார்,” என்றான் ரேடியோ. “திருட்டுப் பொருளை அனுபவிக்கிறவங்கன்னு அம்மா பேரையும் சேர்த்துச் சொல்லிடுங்க.”

அண்ணி இந்தத் தடவை அவன் காலை மிதிக்கவில்லை.

கண்ணாடிக்காரர் முகத்தில் என்னென்னவோ வந்து வந்து போயிற்று. கடைசியில் ஒன்று தங்கியது. அது வெற்றி. “அப்போ எங்க அம்மாவைக் காப்பாத்தினது என் மெஷின்! அது அவங்களுக்குத் தெரியணும். அவருக்கும் தெரியணும். இப்பவே தெரியணும்!”

தடுப்பதற்குள் சந்தைத் தாண்டி, வருஷக்கணக்காக மிதிக்காத படியை மிதித்துவிட்டார். அண்ணியும் ரேடியோவும் சின்ன மருமகளும் பின்னாலேயே ஓடினார்கள். வாசலில் பெரிய மருமகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். ஹாலில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அண்ணன் மகன் எழுந்து நின்றான். “வாங்க சித்தப்பா” என்று சொல்வதா, ஓடுவதா என்று அந்தப் பெரிய உடம்புக்குத் தெரியவில்லை.

உள்ளறையில் வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. கட்டிலில் அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாற்காலியில் அச்சகக்காரர், கையில் மருந்துப் பாட்டிலோடு. தம்பியைப் பார்த்ததும் விறைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“அம்மா, உனக்கு ஒரு விஷயம் சொல்லணும்,” என்றார் கண்ணாடிக்காரர்.

“வாடா, வா. பையனை வழியனுப்ப வந்தியா? உனக்கு இப்பவாவது தோணிச்சே.” அம்மா நகர்ந்து கட்டிலில் இடம் விட்டாள். “இப்படி வந்து உக்காரு. எவ்வளவு சுகமா இருக்கு பாரு! நேத்து ராத்திரி நான் ஒரு தடவை இருமலை. போன மாசம் உன் வீட்டு மெஷினும் இருந்ததே, பேருக்கு ஊதிக்கிட்டு! மூணு போர்வை போட்டும் எனக்குக் கால் விறைச்சது. நீ மனசு கஷ்டப்படுவியேன்னு சொல்லலை.”

கண்ணாடிக்காரர் சுவரில் இருந்த உள் யூனிட்டைக் கைகாட்டப் போனார். அம்மா விடவில்லை.

“பெரியவன் எப்பவும் பார்த்துதான் வாங்குவான். நீ அவசரக்குடுக்கை. எவனாவது நல்லாப் பேசினா எதையாவது வாங்கிட்டு வந்துடுவே.”

“பொருள்னா தரம் பார்க்கணும்,” என்று ஜன்னலிடம் சொன்னார் அச்சகக்காரர்.

ரேடியோ கண்ணாடிக்காரரையே பார்த்தான். சொல்லப்போகிறார். ஒரே ஒரு வரி. ‘அது என்னோடது.’ சொன்னால் ஜெயித்துவிடுவார். சொன்ன அடுத்த நிமிஷம் மூத்தவர் எழுந்துபோய் ஸ்விட்சை அணைப்பார். கதவோரத்தில் ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி நெரித்துக்கொண்டு நின்றார்கள்.

கண்ணாடிக்காரர் அம்மாவைப் பார்த்தார். போர்வை மடிந்து ஓரமாகக் கிடந்தது. மெல்ல அவள் விட்ட இடத்தில் உட்கார்ந்து, அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது போலிருக்கிறது. கையை எடுக்கவில்லை.

“ஆமாம்மா,” என்றார். “பையனை வழியனுப்பத்தான் வந்தேன்.”

“நீயும் இதே மாதிரி ஒண்ணு வாங்கிப் போட்டுக்கடா. அடுத்த மாசம் நான் அங்க வரணுமில்லையா? நீயா போய் வாங்காதே, ஏமாந்துடுவே. அண்ணனைக் கேளு.”

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதுகிடம் கேட்டார்:

“அண்ணே, இதை எந்தக் கடையில வாங்குனீங்க?”